30 லட்சம் கோடி பரோட்டா மாஸ்டர்களும் ஒரு விசிலும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டது இது: “சார், படிகத்துக்குள்ள புரதம் அடுக்கி வெச்ச செங்கல் மாதிரி அசையாம கிடக்கும்னு கிளாஸ்ல சொன்னாங்க. எக்ஸ்ரே படமும் ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கும். அப்படி இருக்கும்போது, என்சைம் வேலை செய்யறதை சினிமா மாதிரி எடுத்துட்டோம்னு பேப்பர் போடறாங்களே, அது எப்படி? நம்ம ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இதுல ஏதாவது செய்ய முடியுமா?”

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விதான் விஷயம். நான் கிண்டியில் ஆராய்ச்சி மாணவனாகப் படிகங்களோடு மல்லுக்கட்டிய காலத்தில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. இப்போது முத்தியால்பேட்டையில் ஓய்வாக இருக்கிறேன், நேரம் இருக்கிறது. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்தச் செங்கல் உவமையைத் தூக்கிப் போடுங்கள். உப்புக்கல்லையும் கற்கண்டையும் பார்த்துப் பழகியதால் படிகம் என்றாலே கெட்டியான பொருள் என்று நினைக்கிறோம். புரதப் படிகம் அப்படி இல்லை. ஊசி முனையால் லேசாக அழுத்தினாலே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதன் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சிலவற்றில் கால் பங்கு, சிலவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வரைகூட. மூலக்கூறுகள் அங்கங்கே சில இடங்களில் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும்; நடுவே வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர். சின்ன மூலக்கூறுகள் அந்த வாய்க்கால் வழியாக உள்ளே போய் நொதியின் (என்சைமைத்தான் சொல்கிறேன்) செயல்மையத்தை, அதாவது வேலை நடக்கும் இடத்தைத் தொட முடியும். அதனால்தான் பல நொதிகள் படிகத்துக்குள் இருந்தபடியே வேலை செய்கின்றன. வேகம் குறையலாம், ஆனால் வேலை நடக்கும்.

நான் முதன்முதலில் வளர்த்த படிகம் லைசோசைம். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் நொதி, 129 அமினோ அமிலம், பாக்டீரியாவின் சுவரை அறுப்பது அதன் தொழில். அதைப் படிகமாக்கச் சாதாரணச் சோற்று உப்பு போதும், சோடியம் குளோரைடு. மரக்காணம் உப்பளத்தில் நடப்பதன் தலைகீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் வற்றி உப்பு படிகிறது. இங்கே உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு புரதத்தைப் படிய வைக்கிறது. மறுநாள் காலை நுண்ணோக்கியில் பளபளவென்று நின்ற அந்தக் கட்டைகளைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் படிகத்திலும் வரவில்லை.

அடுத்து எடுத்த நொதிக்கு இரண்டு மாதம் ஆனது. கிடைத்ததே நாலு படிகம். அதில் ஒன்றை அதன் வினைபொருள், அதாவது அந்த நொதி பிடித்து மாற்றும் பொருள், கலந்த கரைசலில் ஊறப் போட்டேன். பத்து நிமிடம் இருக்கும், குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தூள். முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஆய்வகத்தில் மூத்த அண்ணன் ஒருவர் சொன்னார்: “டேய், உன் என்சைம் உயிரோட இருக்குடா. சந்தோஷப்படு.” அவர் சொன்னது சரி. வினைபொருளைப் பிடித்ததும் நொதி தன் வடிவத்தை மாற்றியிருக்கிறது. அந்த அசைவைத் தாங்காமல் அடுக்கு உடைந்திருக்கிறது. செங்கல் என்றால் இப்படி உடையுமா?

ஆக, படிகத்துக்குள் வினை நடப்பது பிரச்சினையே இல்லை. பார்ப்பதுதான் பிரச்சினை. ஏன் என்று சொல்கிறேன்.

பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு லைசோசைம் படிகத்தில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும்? கணக்குப் போட்டால் சுமார் 30 லட்சம் கோடி வரும். எக்ஸ்-கதிர் இவற்றில் எந்த ஒன்றையும் தனியாகப் பார்ப்பதில்லை. எல்லாவற்றிலும் பட்டுச் சிதறி வரும் கதிர்கள் ஒன்று சேர்ந்துதான் புள்ளிகளாக விழுகின்றன. அந்தப் புள்ளிகளிலிருந்து நாம் கணக்கிட்டு எடுக்கும், அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடம் 30 லட்சம் கோடி பேரின் சராசரி முகம்.

ஒரு மைதானத்தில் இத்தனை பரோட்டா மாஸ்டர்கள் வரிசை வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் உருண்டை பிடிக்கிறார், வீசுகிறார், சுற்றுகிறார், கல்லில் போடுகிறார், எடுத்து அடித்து நொறுக்குகிறார், அடுத்த உருண்டையை எடுக்கிறார். ஆளாளுக்கு ஒரு கட்டத்தில் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே படமாக எடுத்தால் தலையும் உடம்பும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அவை நகரவில்லை. கைகள் இருக்கும் இடத்தில் வெறும் புகை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “வேகமான கேமரா வாங்கினால் சரியாகிவிடும்” என்று நினைக்கிறார்கள். ஆகாது. ஷட்டரை எவ்வளவு வேகமாக மூடினாலும் ஆளாளுக்கு வேறு கட்டத்தில் இருக்கும்வரை படத்தில் அதே புகைதான். வேண்டியது ஒரு விசில். முதலாளி விசில் அடித்ததும் எல்லோரும் ஒரே நொடியில் முதல் உருண்டையை எடுக்க வேண்டும். விசிலுக்குப் பின் மூன்றாவது நொடியில் எடுத்தால் எல்லோரும் வீசிக்கொண்டிருப்பார்கள். கை தெளிவாகத் தெரியும். நாலைந்து பரோட்டா தாண்டினால் வேகக்காரர் முந்தி, மெதுவானவர் பிந்தி, மறுபடியும் புகை. அதனால் முதல் சுற்றிலேயே எடுத்தாக வேண்டும்.

விசில் அடிக்க முடியாவிட்டால் இன்னொரு தந்திரம்: அடுப்பை அணைத்துவிடுவது. எல்லோரும் சுற்றிய உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கல் சூடாகட்டும் என்று நிற்பார்கள். எப்போது வேண்டுமானாலும் நிதானமாகப் படம் எடுக்கலாம். கால ஓட்டத்தோடு நொதியைப் படிகத்தில் ஆராய்வது என்பது இந்த இரண்டு தந்திரங்களின் வரலாறுதான்.

அடுப்பை அணைக்கும் தந்திரம் பழையது. நொதிகளில் முதன்முதலாக முப்பரிமாண வடிவம் தெரியவந்தது லைசோசைமுக்குத்தான். 1965இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழு கண்டது. நொதி அறுக்கச் சிரமப்படும் ஒரு மூன்று சர்க்கரைத் துண்டை உள்ளே விட்டு, ஆறு சர்க்கரை பிடிக்கும் நொதியின் பிளவில் அது எங்கே உட்காருகிறது என்று பார்த்தார்கள். மீதி மூன்று சர்க்கரையை மாதிரி கட்டி நிரப்பி, அறுக்கும்போது நடுவில் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு சர்க்கரை அயனி உருவாகிறது, 52ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலம் தள்ளி நின்று அதைத் தாங்குகிறது என்றார் பிலிப்ஸ். எங்கள் தலைமுறை பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான். ஆனால் கோஷ்லண்ட் என்பவர் 1953இலேயே, இப்படிப்பட்ட நொதிகளில் சர்க்கரை நொதியோடு நேராகவே பிணைந்து பிரியும் என்று சொல்லியிருந்தார். 2001இல் சர்க்கரையில் ஃபுளூரின் ஏற்றியும், நொதியில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றியும், வினையை நடுவழியில் மாட்டவைத்துப் படம் எடுத்தார்கள். சர்க்கரை அந்த ஆஸ்பார்ட்டிக் அமிலத்தோடு கெட்டியாகப் பிணைந்திருந்தது. கோஷ்லண்ட் சொன்னதுதான் சரி. அசையாத படத்தை வைத்து அசைவை ஊகித்ததற்கு 36 ஆண்டு கழித்து வந்த திருத்தம் இது. பிலிப்ஸைக் குறை சொல்லவில்லை. அவரிடம் இருந்தது தொடக்கப் படம் மட்டும். நடுவில் நடந்ததை அவர் மனக்கண்ணால்தான் பார்க்க முடிந்தது.

நம் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் செய்ததிலும் இந்தத் தந்திரம் உண்டு. கிர்ரோமைசின் போன்ற ஆன்ட்டிபயாட்டிக்கை முட்டுக்கட்டையாகப் போட்டு, ரைபோசோமை ஒரு கட்டத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இப்படிப் பல கட்டங்களின் படங்களை வரிசையாக அடுக்கினால் ஓட்டம் புரியும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி முட்டுக்கட்டையால் நின்ற படம் என்பதை மறக்கக்கூடாது. முட்டுக்கட்டை போட்டதாலேயே ஆள் கோணலாக நிற்கிறாரோ என்ற சந்தேகம் போகாது.

இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை 2012இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய் யாங் குழு செய்தது. வினையை நிறுத்தப் பெரிய கருவி எதுவும் இல்லை; குளிர்ந்த திரவ நைட்ரஜனும் பொறுமையும்தான். எடுத்துக்கொண்ட நொதி டி.என்.ஏ. பாலிமரேஸ் ஈட்டா. வெயிலில் அடிபட்ட டி.என்.ஏ.வைத் தாண்டி நகலெடுக்கும் நொதி இது. இது பழுதானவர்களுக்கு வெயில் பட்டால் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். (அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் நடமாடுகிறவர்கள் இதற்கு ஒரு கும்பிடு போடலாம்.) இந்த நொதிக்கு மெக்னீசியம் இல்லாமல் கை ஓடாது. மெக்னீசியம் இல்லாத நிலையில் நொதி, டி.என்.ஏ., புதிதாகச் சேர வேண்டிய எழுத்து மூன்றையும் ஒன்றாகப் படிகமாக்கினார்கள். பிறகு படிகங்களை மெக்னீசியம் கரைசலுக்கு மாற்றினார்கள். அதுதான் விசில். 40 நொடியில் ஒன்று, 80 நொடியில் ஒன்று என்று சுமார் 300 நொடி வரை இடைவெளி விட்டு ஒவ்வொரு படிகமாக நைட்ரஜனில் முக்கினார்கள். மைனஸ் 196 டிகிரியில் வினை அந்த இடத்திலேயே உறைந்துவிடும்.

படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது பழைய பிணைப்பு தேய்வதும் புதுப் பிணைப்பு வளர்வதும் தெரிந்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. இந்த வகை நொதிகள் இரண்டு மெக்னீசியத்தை வைத்து வேலை செய்கின்றன என்பதுதான் அதுவரை எல்லோரும் சொன்ன கணக்கு. இந்த வரிசையில், நடுவே, மூன்றாவது மெக்னீசியம் ஒன்று வந்து உட்கார்ந்தது. வேலைக்கு முன் எடுத்த படத்தில் அது இல்லை. முன், பின் என்று இரண்டு படத்தோடு நின்றிருந்தால் அது எங்கே, எப்போது நுழைந்தது என்று யாருக்குமே தெரிந்திருக்காது.

இது முடிந்ததற்குக் காரணம், படிகத்துக்குள் அந்த வினை நிமிடக் கணக்கில் நடந்தது. பெரும்பாலான நொதிகள் ஒரு நொடியில் பத்து, நூறு முறை சுற்றிவிடும். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 10 லட்சம் முறை சுற்றும். படிகத்தைக் கையால் எடுத்து முக்குவதற்குள் அங்கே திருவிழாவே முடிந்து கொட்டகையைப் பிரித்திருப்பார்கள்.

வேகமான விசிலுக்கு வெளிச்சம் ஒரு வழி. வினைபொருளின் ஒரு முனையில், ஒளி பட்டால் உடையும் ஒரு மூடியைப் போட்டுப் படிகத்துக்குள் முன்கூட்டியே நிரப்பி வைப்பார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம். எல்லா மூலக்கூறிலும் மூடி கழன்று வினை தொடங்கும். 1990இல் ராஸ் என்ற புரதத்தில், அதன் வினைபொருளான ஜி.டி.பி.க்கு (GTP) இப்படி மூடி போட்டுச் செய்தார்கள். படம் எடுக்கப் பல நிறங்களின் கலவையான எக்ஸ்-கதிர். அப்படி எடுத்தால் படிகத்தைச் சுற்ற வேண்டியதில்லை, ஒரே அடியில் ஏராளமான புள்ளிகள் விழும். 1912இல் ஜெர்மன் இயற்பியலாளர் லவுவேயும் துணைவர்களும் செய்த சோதனையின் மறுபிறவி அது, லவுவே முறை என்று பெயரே அவருடையதுதான். மையோகுளோபினிலிருந்து கார்பன் மோனாக்சைடைத் தட்டிவிட்டு நானோநொடி அளவில் பார்த்ததும் இதே வழியில்தான். ஆனால் வெளிச்சத்தில் வேலை செய்யும் புரதங்கள் உலகத்தில் கொஞ்சம்தான். எல்லா வினைபொருளுக்கும் மூடி செய்வதும் ஆகிற காரியமில்லை.

அடுத்து, பேப்பர்களில் பெரிதாகப் பேசப்படும் எக்ஸ்-கதிர் லேசர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 2009இல் முதலாவது வந்தது. ஹாம்பர்க் அருகே 2017இல் திறந்தது 3.4 கிலோமீட்டர் நீளம். நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை இரண்டு முறை நடந்தாலும் அந்தத் தூரம் வராது. அது ஒரு நொடிக்கு 27,000 துடிப்புகள் வரை அடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் சில பத்து ஃபெம்டோநொடி. ஃபெம்டோநொடி என்பது ஒரு நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. துடிப்பு பட்ட படிகம் வெடித்துச் சிதறிவிடும். ஆனால் அணுக்கள் நகர ஆரம்பிப்பதற்குள் கதிர் சிதறி வெளியே வந்திருக்கும். இது நடக்கும் என்று 2000இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2011இல் ஒளிச்சேர்க்கைப் புரதத்தின் பொடிப் படிகங்களை ஓடையாகப் பீய்ச்சி அதை நடத்திக் காட்டினார்கள். ஒரு படிகத்துக்கு ஒரு படம், ஆயிரக்கணக்கான படிகங்கள், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வரைபடம்.

இதைக் கேட்டதும் “அப்படியானால் நொதியை ஃபெம்டோநொடி ஃபெம்டோநொடியாகப் பார்க்கலாம்” என்று துள்ளிவிட வேண்டாம். மறுபடியும் மைதானத்துக்கு வாருங்கள். கேமரா வேகமானது, சரி. விசில்? வினைபொருள் கரைசலையும் படிகங்களையும் கலந்துவிட்டால், அந்த வினைபொருள் வாய்க்கால் வழியே ஊடுருவி நடுவில் இருப்பவரைப் போய்ச் சேர வேண்டும். ஊடுருவும் நேரம் நீளத்தின் இருமடிப் பெருக்கத்தில் போகும்: படிகம் 10 மடங்கு பெரிதானால் நேரம் 100 மடங்கு. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படிகத்தில் ஒரு மில்லிநொடிக்குள் காரியம் முடியும். நூறு மைக்ரான் என்றால் நொடிக்கணக்கு. ஓரத்து மாஸ்டர் பத்தாவது பரோட்டா போடும்போதுதான் நடு மாஸ்டருக்கு விசில் கேட்கும். அதனால் என்னைக் கேட்டால், கலந்து பார்க்கும் சோதனையில் இயந்திரத்தைவிட முக்கியம் பொடிப்பொடியாக, ஒரே அளவில் படிகம் வளர்க்கத் தெரிந்த கை. நாங்கள் பெரிய படிகம் வரவில்லையே என்று அழுதோம்; இப்போதைய பிள்ளைகள் சின்னதாக வரவில்லையே என்று அழுகிறார்கள்.

இப்படிக் கலந்து பார்த்ததில் நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று. காசநோய்க் கிருமியிடம் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி இருக்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் வளையத்தை அறுத்துப் போடுவதே அதன் வேலை. காசநோய்க்குப் பென்சிலின் பலிக்காததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதே குடும்பத்து உறவு செஃப்ட்ரியாக்ஸோன். மருத்துவமனையில் காய்ச்சலோடு படுத்து எழுந்தவர் பலருக்கும் கையில் ஏறிய ஊசி அது. 2018இல் வந்த ஆய்வில், அந்த நொதியின் சில மைக்ரான் படிகங்களையும் செஃப்ட்ரியாக்ஸோனையும் கலந்து, 30 மில்லிநொடியிலிருந்து 2 நொடி வரை பல நேரங்களில் எக்ஸ்-கதிர் லேசரால் அடித்தார்கள். தொடக்கப் படங்களில் மருந்து முழுசாகச் செயல்மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. அரை நொடி அளவில் வளையம் திறந்து, நொதியின் செரின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்த நிலை தெரிகிறது. மருந்தைக் கிருமி எப்படிக் கொல்கிறது என்பதை அறை வெப்பநிலையில், உண்மையான மருந்தை வைத்து, எந்த முட்டுக்கட்டையும் போடாமல் பார்த்தது இது.

இத்தனைக்கும் இந்த லேசர் கட்டாயமில்லை. மில்லிநொடி போதும் என்றால், எலெக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் சிங்க்ரோட்ரானிலேயே இப்போது செய்கிறார்கள். ஒரு தகட்டில் குழி குழியாகப் படிகங்களை உட்காரவைத்து, ஒவ்வொன்றின் மேலும் நுண்துளி தெளித்து, சொன்ன நேரம் கழித்துத் திரும்பி வந்து கதிரை அடிப்பது. குளுக்கோஸை ஃபிரக்டோஸாக்கும் சைலோஸ் ஐசோமெரேஸ் நொதியில் 2019இல் இதைச் செய்தார்கள்.

இனி, பேப்பர் படிக்கும்போது நீங்கள் எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். எந்த விசில் அடித்தாலும் எல்லாக் கட்டமும் தெரியாது. எந்தக் கட்டத்துக்குப் பிறகு வேலை மந்தமோ, அங்கேதான் கூட்டம் சேரும். கல்லில் வேக நேரம் ஆகும் என்றால் கல்லின் முன்னால்தான் ஆட்கள் நிற்பார்கள். பரோட்டாவை அடித்து நொறுக்கும் அந்தக் கண நேரத்தில் யாரையும் பிடிக்க முடியாது. பிணைப்பு உடையும் உச்சக்கட்டமான டிரான்சிஷன் ஸ்டேட்டுக்கு வாழ்நாளே கிடையாது. படிகத்தில் அது கூட்டமாகச் சேராது. “அதைப் பார்த்தோம்” என்று யாராவது எழுதினால் புருவத்தை உயர்த்துங்கள்.

கூட்டம் சேர்ந்தாலும் முழுசாகச் சேராது. நூற்றுக்கு முப்பது மூலக்கூறுகள் இடைநிலையில் இருந்தாலே பெரிய விஷயம். மற்றவை பழையபடியே இருக்கும். அதனால் முன்பு எடுத்த தரவை இப்போது எடுத்ததிலிருந்து கழித்து வேறுபாட்டு வரைபடம் போடுவார்கள். புதிதாக வந்தது பச்சை, விட்டுப்போனது சிவப்பு. இரைச்சலும் இதே பச்சை சிவப்பில்தான் வரும். சிவப்பும் பச்சையும் ஜோடியாக, வேதியியல் பொருத்தத்தோடு, அடுத்தடுத்த நேரங்களில் தொடர்ந்து வந்தால் நம்பலாம். ஒரே படத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும் பச்சைக் குமிழுக்குக் கதை கட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன். அது வெறும் தண்ணீர் மூலக்கூறு.

எக்ஸ்-கதிரே படிகத்தைக் கெடுக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும், முக்கியமாக உலோகம் உள்ள நொதிகளில். கதிர் கிளப்பும் எலெக்ட்ரான்கள் உலோகத்தில் ஏறி, வினை நடந்ததுபோல் பாவனை காட்டும். 2000இல் சைட்டோக்ரோம் பி450 நொதியில் இந்தத் தொல்லையையே வேலைக்காரனாக்கி, அந்த எலெக்ட்ரானை வைத்தே வினையை அடுத்த படிக்கு நகர்த்தினார்கள். கெட்டிக்காரத்தனம்தான். எதிர்பாராமல் நடந்தால் அதுவே தலைவலி.

உங்கள் இரண்டாவது கேள்வி. இந்தியாவில் எக்ஸ்-கதிர் லேசர் இல்லை. இந்தூரில் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்று தனிக் கதிர்வழி உண்டு. அங்கே போக ஆய்வுத் திட்டமும் வழிகாட்டியும் வேண்டும். அதற்கு முன், மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் நான் சொன்ன பாலிமரேஸ் ஈட்டா வரிசை முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. கூட் (Coot), பைமால் (PyMOL) என்ற மென்பொருள்கள் இரண்டில் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். தடுமாறினால் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து உயிர்தகவலியல் மையத்தில் இந்த மென்பொருள்களில் பழகியவர்கள் இருப்பார்கள், பஸ் ஏறினால் ஆயிற்று. வரிசையின் எல்லாப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, புதுப் பிணைப்பு உருவாகும் ஆல்பா பாஸ்பரஸைத் திரையின் நடுவில் கொண்டுவாருங்கள். எழுதிவைத்த மாதிரியை முதலில் அணைத்துவிட்டு அடர்த்தியை மட்டும் பாருங்கள். 40 நொடியிலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து, மூன்றாவது மெக்னீசியம் எந்தப் படத்தில் வருகிறது என்று நீங்களே முடிவு செய்து ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு பேப்பரைத் திறங்கள்.